பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக ஓர் இடம்

கேள்வி இதுதான்: "என் மனைவி பல வருடங்களாக ஓவியம் வரைகிறார். இதுவரை சாப்பாட்டு மேஜையில்தான் வரைந்தார். இப்போது விருந்தாளிகள் தங்கும் அறையை ஸ்டுடியோவாக மாற்றித் தரச் சொல்கிறார். திறமை இருந்தால் எங்கே உட்கார்ந்து வரைந்தால் என்ன? பெரிய பெண் ஓவியர்கள் பலர் வீட்டு மூலையில் வரைந்தவர்கள்தானே? இடம் அவ்வளவு முக்கியமா?"

நீங்கள் சொல்வதில் பாதி சரி. சமையலறை மூலையிலும் படுக்கையறையிலும் நோய்ப்படுக்கையிலும்கூட மகத்தான படைப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்கிற முடிவு தப்பு. எங்கே உட்கார்ந்து வரைகிறோம் என்பது படத்துக்கு வெளியே நிற்கிற சங்கதி அல்ல. படத்தின் அளவு, நிறம், ஊடகம் (எந்தப் பொருளால் செய்கிறோம் என்பது), எதை வரைவது என்கிற தேர்வு வரை அது உள்ளே புகுந்துவிடும். நான் கலை வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், லினோ அச்சோவியமும் (லினோலியம் தகட்டில் உருவத்தை வெட்டி, மை தடவித் தாளில் அடிப்பது) செய்கிறேன். இரண்டு பக்கமிருந்தும் பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னரில் தொடங்குகிறேன். 1945 கடைசியில் அவரும் கணவர் ஜாக்சன் பொல்லாக்கும் நியூயார்க் நகரத்தை விட்டு, லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டுக்குக் குடிபோனார்கள். முதலில் மாடிப் படுக்கையறைதான் பொல்லாக்கின் ஸ்டுடியோ. பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைச் சரிசெய்து அவர் அங்கே மாறிக்கொண்டார். காலியான படுக்கையறை லீக்கு வந்தது. கொட்டகைத் தரையில் கேன்வாஸை விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து வண்ணத்தைச் சொட்டவிட்ட பொல்லாக்கின் கதை உலகத்துக்கே தெரியும். அதே வருடங்களில் மாடியறையில் லீ வரைந்த வரிசைக்குச் 'சிறு படிமங்கள்' என்றே பெயர். மேஜைமேல் படுக்கவைத்து, ஏதோ புரியாத எழுத்துகளை நெருக்கி அடுக்கியதுபோல வண்ணக் குறிகளால் நிரப்பிய படங்கள். அபாரமானவை. சின்னது என்பதால் மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அவை மேஜையைத் தாண்டி வளரவில்லை.

1956 ஆகஸ்டில் பொல்லாக் கார் விபத்தில் இறந்தார். அடுத்த வருடம் லீ அந்தக் கொட்டகைக்குள் போய் வரையத் தொடங்கினார். 1957-இல் முடித்த 'பருவங்கள்' என்ற படம் 2.35 மீட்டர் உயரம், 5 மீட்டருக்கு மேல் அகலம். மணிக்கட்டால் போட்ட கோடுகள் அல்ல அவை; தோளிலிருந்து, உடம்பு முழுவதையும் வீசி இழுத்தவை. கொட்டகைதான் எல்லாவற்றையும் செய்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1955 வாக்கிலேயே கொலாஜ்களில், அதாவது துண்டுகளை ஒட்டிச் செய்கிற படங்களில், அவர் பெரிதாகத் தாவ ஆரம்பித்திருந்தார். துக்கமும் சேர்ந்துகொண்டது, வயதும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் 5 மீட்டர் படத்தை வரைய 5 மீட்டர் சுவர் வேண்டும். பின்வாங்கி நின்று பார்க்க அதைவிட அதிக தூரம் வேண்டும். அது அந்த வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

அதற்கடுத்து நடந்தது எனக்கு இன்னும் பிடித்த சான்று. 1959 முதல் சில வருடங்கள் லீக்குத் தூக்கம் வரவில்லை. ராத்திரி முழுக்க மின்விளக்கு வெளிச்சத்தில் வரைந்தார். செயற்கை வெளிச்சத்தில் நிறங்களைக் கையாள அவருக்குப் பிடிக்காது. அதனால் நிறங்களையே ஒதுக்கிவிட்டு, பழுப்பும் வெள்ளையுமாக ஒரு வரிசையே செய்தார். அருங்காட்சியகத்தில் அந்தப் பழுப்பைப் பார்ப்பவர்கள் சோகம், மரணம் என்று என்னென்னவோ படிக்கிறார்கள். அதுவும் இருக்கலாம்தான். ஆனால் ஒரு பல்பும் இருக்கிறது.

என் கதையும் அப்படி ஒன்றுதான். அளவில் ஒப்பிடவில்லை, வகையில் ஒப்பிடுகிறேன். எட்டு வருடம் நானும் சாப்பாட்டு மேஜையில்தான் லினோ வெட்டினேன். லினோவில் பல நிறம் அச்சடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் முன்பு இருந்த அதே புள்ளியில் வந்து உட்கார வேண்டும். மேஜையில் ஒட்டிய வழிகாட்டி அட்டை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. ஒரு நிறம் காய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதற்குள் அந்த மேஜையில் எத்தனை முறை சாப்பாடு! அதனால் கறுப்பு ஒன்றிலேயே அடித்தேன். "உங்கள் கறுப்பு வெள்ளைப் பாணி எவ்வளவு உறுதியானது" என்று ஒருவர் பாராட்டினார். பாணியாவது ஒன்றாவது, அது மேஜை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். உங்கள் மனைவிக்கு ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருட்களை எடுத்துப் பரப்ப இருபது நிமிடம். கழுவித் துடைத்து, மேஜையைச் சாப்பாட்டு மேஜையாகத் திருப்பிக் கொடுக்க இருபத்தைந்து நிமிடம். மிச்சம் முக்கால் மணி நேரம். அதிலும் நேற்று எங்கே விட்டோம் என்று கண் பழகவே கொஞ்ச நேரம் போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், ஸ்டுடியோ என்றால் சதுர அடிக் கணக்கு அல்ல. பாதியில் நிற்கிற வேலையை எடுத்து ஒளிக்காமல், அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகலாம் என்கிற உரிமைதான் அது. மறுநாள் அறைக்குள் நுழைகிறவருக்கு அந்தப் பாதிப் படம் எதிரே நிற்கும். முதல் பார்வையிலேயே நேற்றைய தப்பு தெரியும். நேற்று தன் கண் எங்கே ஏமாந்தது என்று ஓவியர் தானே கண்டுபிடிக்கிற தருணம் அது. சுருட்டி அலமாரிமேல் வைத்த படம் அந்த வேலையைச் செய்யாது.

பெர்த் மோரிசோவுக்கு வசதிக்குக் குறைச்சல் இல்லை. பாரிஸின் மேல்தட்டுக் குடும்பம். கணநேர ஒளியைப் பிடிக்க முயன்ற இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களின் 1874 முதல் கண்காட்சியிலேயே இடம்பெற்றவர். 1880-களில் அவரும் கணவர் யூஜின் மானேயும் கட்டிய வீட்டில் தனி ஸ்டுடியோ கிடையாது. உயரமான வரவேற்பறையே ஸ்டுடியோ. யாராவது வந்தால் தூரிகையையும் கேன்வாஸையும் எடுத்து மறைத்துவிடுவார். வந்தவர்கள் நேர்த்தியான ஒரு கூடத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவருடைய படங்களில் இருக்கிற அந்த வேகம், முடிக்காததுபோல் விட்டுவிட்ட ஓரங்கள், அதெல்லாம் அழகியல் தேர்வுதான். ஆனால் கதவு மணி எப்போது அடிக்கும் என்று காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு வரைந்தவரின் கை அது என்பதையும் நான் மறப்பதில்லை.

அவர் அக்கா எட்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருவரும் ஒன்றாகக் கற்றார்கள், ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் பெற்றோர் இருவருக்கும் ஒரு ஸ்டுடியோவே கட்டிக்கொடுத்தார்கள். 1869-இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்து ஊரைவிட்டுப் போனார், வரைவது நின்றுபோனது. அதன்பின் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், மனசளவில் நான் உன் ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன், கால் மணி நேரமாவது நழுவி வந்து நாம் பல வருடம் சேர்ந்து சுவாசித்த அந்தக் காற்றைச் சுவாசிக்கத் தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்பது தூரிகையையோ வண்ணத்தையோ அல்ல, கவனித்தீர்களா? அவை புது ஊரிலும் கிடைக்கும்.

வீட்டுக்குள் ஒரு பெண் ஓவியருக்கு இடம் வேண்டுமானால் அதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டிலேயே சிலருக்குத் தெரிந்திருந்தது. இத்தாலியின் போலோன்யா நகரத்து லவீனியா ஃபொந்தானா 1577-இல் தன் உருவத்தைத் தானே வரைந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்காக. முன்னால் பட்டும் சரிகையுமாக உட்கார்ந்து இசைக்கருவி வாசிக்கிறார். பின்னால் பணிப்பெண் இசைப் புத்தகத்தோடு நிற்கிறாள். பார்க்கிறவர்கள் அந்த அளவோடு போய்விடுவார்கள். ஆனால் படத்தின் ஆழத்தில், தூரத்து ஜன்னல் வெளிச்சத்தில், கேன்வாஸை வைத்து வரைகிற ஒரு தாங்கி நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெட்டி. குணமான பெண், வாசிக்கத் தெரிந்த பெண், கூடவே இதுவும் வரும் என்று சொல்லிவைத்த மாதிரி. திருமணமான பிறகு அவர் கணவர் வீட்டுக்குப் போகவில்லை. கணவர்தான் லவீனியாவின் அப்பா வீட்டுக்கு வந்தார், அவர் வேலைக்கு ஒத்தாசையாகவும் இருந்தார். பதினொரு பிள்ளைகள் பெற்றார் லவீனியா. அத்தனைக்கு நடுவிலும் தொழில்முறை ஓவியராக நின்றதற்குத் திறமை பாதிக் காரணம் என்றால், அந்த ஏற்பாடு மறுபாதி.

வீடு என்றால் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆர்த்தெமிசியா ஜென்டிலெஸ்கி ரோமில் தன் அப்பாவின் வீட்டிலேயே வரையக் கற்றார். 1611-இல் அப்பாவோடு சேர்ந்து வேலை செய்த ஓவியன் ஒருவன் அந்த வீட்டிலேயே அவரைப் பலாத்காரம் செய்தான். 1612-இல் வழக்கு நடந்தது. பிறகு அவர் ஃபிளாரன்ஸ் போய், 1616-இல் அங்குள்ள ஓவியக் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணானார். யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்று ஸ்டுடியோவுக்கு உரியவர் முடிவு செய்ய முடிகிறதா என்பதும் இடம் பற்றிய கேள்விதான்.

சரி, வீட்டுக்கு வெளியே? அங்கே கதவே பூட்டியிருந்தது. லண்டனின் ஓவியர் கழகமான ராயல் அகாடமியை 1768-இல் நிறுவியவர்களில் இரண்டு பெண்கள் உண்டு: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில வருடம் கழித்து யோஹான் ஸோஃபனி என்ற ஓவியர் அகாடமி உறுப்பினர்களைக் கூட்டமாக வைத்து ஒரு படம் வரைந்தார். ஆண்கள் அத்தனை பேரும் உடையில்லாத மாடல்களைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த அறையில் பெண்கள் இருப்பது நாகரிகமில்லை அல்லவா? அதனால் இந்த இருவரையும் சுவரில் தொங்கும் இரண்டு உருவப்படங்களாக வரைந்துவிட்டார். நிறுவனர்கள், ஆனால் சுவரில்! அவர்களுக்குப் பிறகு முழு உறுப்பினராக ஒரு பெண், லாரா நைட், தேர்ந்தெடுக்கப்பட 1936 ஆக வேண்டியிருந்தது.

அந்த மாடல் அறைக்குள் போக முடியாததன் விலை சாதாரணமானதல்ல. அந்தக் காலத்தில் உயர்ந்த ஓவியம் என்றால் வரலாறு, புராணம். அதற்கு மனித உடம்பை எலும்பு தசையோடு அறிந்திருக்க வேண்டும். அந்த அறை மூடப்பட்டவர்கள் பூக்களையும் பழங்களையும் குழந்தைகளையும் வரைந்தார்கள். பிறகு, பெண்களுக்கு இயல்பாகவே பூக்கள்தான் வரும் என்று எழுதினார்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஓவியப் பள்ளியில் 1882 வாக்கில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது: மாணவிகள் களிமண்ணில் உருவம் பிசைகிறார்கள், அவர்கள் எதிரே மாடலாக நிற்பது ஒரு மாடு. பாரிஸின் அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஜூலியன் என்ற தனியார் பள்ளி சேர்த்தது; ஆனால் ஆண்களைவிட ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம்.

இந்தக் கதவுகளிலேயே எனக்கு மறக்க முடியாதது லூவ்ரின் கதவு. அருங்காட்சியகம் ஆவதற்கு முன்பு லூவ்ர் அரண்மனையில் முக்கியமான ஓவியர்களுக்குத் தங்கும் இடமும் ஸ்டுடியோவும் கொடுப்பார்கள். அடெலாய்ட் லபீ-கியார் 1783-இல் ராஜாங்க ஓவியக் கழகத்தில் சேர்ந்தார். கழகத்தில் ஒரே சமயத்தில் நான்கு பெண்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வேறு. அவருக்கு லூவ்ரில் இடம் மறுக்கப்பட்டது. காரணம், அவரிடம் இளம்பெண்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அந்தத் தாழ்வாரங்களில் போய்வந்தால் ஒழுங்கு கெடுமாம். 1785-இல் அவர் காட்சிக்கு வைத்த படத்தைப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். பளபளக்கும் நீலப் பட்டு உடையில், இறகு வைத்த தொப்பியோடு பெரிய கேன்வாஸின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், கையில் வண்ணத் தட்டு. தோளுக்குப் பின்னால் இரண்டு மாணவிகள் நெருக்கி நிற்கிறார்கள்; ஒருத்தி கேன்வாஸையே எட்டிப் பார்க்கிறாள். எந்த மாணவிகள் சாக்கானார்களோ அவர்களையே நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, பாரிஸ் முழுவதும் வந்து பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்கிறார். லூவ்ரில் இடம் கிடைத்தது 1795-இல், புரட்சி வந்து ராஜாவே போன பிறகு.

இப்போது உங்கள் வாதத்துக்கு வருகிறேன். வீட்டு மூலையிலேயே பெரிய கலை செய்தவர் என்று நீங்கள் காட்டக்கூடிய நல்ல உதாரணம் ரூத் அசாவா. நானே எடுத்துத் தருகிறேன். ஜப்பானியப் பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து அடைத்தபோது அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு குதிரைப் பந்தயத் திடலின் லாயம். அங்கே அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்கள் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுதான் அசாவாவின் முதல் ஸ்டுடியோ. பின்னர் 1947-இல் மெக்ஸிகோவில், முட்டை வைக்கும் கம்பிக் கூடை பின்னுகிற முறையைப் பார்த்துக் கற்றார். அதிலிருந்து வந்தவைதான் அவருடைய புகழ்பெற்ற தொங்கும் கம்பிச் சிற்பங்கள்: உருண்டைக்குள் உருண்டை, துளிக்குள் துளி, உள்ளே வெளியே தெரியாமல் ஒரே இழையாக.

ஆறு பிள்ளைகள். சான் பிரான்சிஸ்கோவில் வீட்டிலேயே வேலை. இமோஜன் கன்னிங்ஹாம் எடுத்த புகைப்படம் ஒன்றில் சிற்பங்கள் தொங்குகின்றன, அம்மா தரையில் பின்னிக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு. அழகான படம். ஆனால் கம்பியைக் கவனியுங்கள். கம்பி காயாது, நாறாது, கெட்டுப்போகாது. எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம். பிள்ளை அழுதால் போட்டுவிட்டு எழலாம், ராத்திரி பத்து மணிக்கு அதே கண்ணியில் தொடரலாம். உத்தரத்தில் தொங்குவதால் மேஜையும் தேவையில்லை, காலி செய்யவும் தேவையில்லை. இடைஞ்சலைத் தாங்குகிற ஊடகம். வெண்கல வார்ப்பில் இது முடியாது. உருக்கிய உலோகத்தை "ஒரு நிமிடம் இரு, வந்துவிடுகிறேன்" என்று நிறுத்திவைக்க யாராலும் ஆகாது. அசாவா தன் மேதைமையால் வீட்டுக்கு ஏற்ற ஊடகத்தைக் கண்டெடுத்தார். அதனால் எல்லோரும் கம்பி பின்னட்டும் என்று சொல்ல முடியுமா? உங்கள் மனைவி எண்ணெய் வண்ணத்தில் வரைபவர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: டர்பன்டைன் ஆவியும், காட்மியம் போன்ற உலோக நிறமிகளும் சாப்பிடுகிற இடத்தில் இருக்கவே கூடாது. இது கலை அல்ல, சுகாதாரம்.

இதற்கு நேர் எதிர்க்கதை ஈவா ஹெஸ்ஸியுடையது. 1964-இல் ஜெர்மனியின் ஒரு தொழிலதிபர் அவருடைய கணவரான சிற்பியைத் தன் பழைய நெசவாலையில் வந்து வேலை செய்ய அழைத்தார். ஹெஸ்ஸி கூடப் போனவர். சிறுமியாக நாஜிகளுக்குத் தப்பி ஓடிய நாட்டுக்கே திரும்பிப் போவது வேறு. முதலில் அவருக்கு எதுவுமே ஓடவில்லை. ஆலையில் கயிறும், உடைந்த இயந்திரத் துண்டுகளும் இறைந்து கிடந்தன. ஒரு கட்டத்தில் அந்தக் கயிறுகளை எடுத்துச் சுருள் சுருளாகப் பலகையில் ஒட்ட ஆரம்பித்தார். ஓவியராகப் போனவர், 1965-இல், பலகையிலிருந்து புடைத்து நிற்கிற பதினான்கு படைப்புகளோடு, சிற்பியாகத் திரும்பினார். நியூயார்க்கில் சுத்தமான ஓர் அறையில் அவர் இருந்திருந்தால் அந்தக் கயிறு காலில் தட்டியிருக்காது.

நல்ல ஸ்டுடியோ என்றால் பெரிதாக, வெள்ளையாக, காலியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆலிஸ் நீல் தன் அடுக்குமாடி வீட்டு அறையிலேயே உருவப்படங்கள் வரைந்தார். வந்து உட்காருகிறவர்கள் வீட்டு நாற்காலியில் தளர்ந்து உட்கார வேண்டும் என்பது அவர் படத்துக்கு வேண்டியிருந்தது. க்வென் ஜான் பாரிஸில் தன் வாடகை அறையின் மூலையையே திரும்பத் திரும்ப வரைந்தார்: ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, ஜன்னல் வெளிச்சம். சின்ன அறைதான். ஆனால் கதவு அவருடையது. ஜார்ஜியா ஓகீஃப் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் தன் காரின் முன் இருக்கையைத் திருப்பிக்கொண்டு, பின் இருக்கையில் கேன்வாஸைச் சாய்த்து வரைந்தார். வெயிலுக்கும் பூச்சிக்கும் தப்பிய, நகரும் ஸ்டுடியோ. அதைவிடச் சின்ன ஸ்டுடியோ இருக்க முடியாது. ஆனால் அதற்குள் யாரும் வந்து "சாப்பாடு எப்போது" என்று கேட்க முடியாது.

வெளியிடம் என்றதும் ரோசா போனர் நினைவுக்கு வருகிறார். 'குதிரைச் சந்தை' என்ற அவருடைய படம், கிட்டத்தட்ட 5 மீட்டர் அகலம், 1850-களில் வரைந்தது. அதற்காகப் பாரிஸின் குதிரைச் சந்தைக்கும், உடற்கூறு படிக்கக் கசாப்புக் கூடங்களுக்கும் போக வேண்டியிருந்தது. நீண்ட பாவாடையோடு அங்கே நடக்க முடியாது. பெண்கள் கால்சட்டை போடப் போலீஸ் அனுமதி வேண்டும். 1857-இல் அவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அவருக்கு அந்தச் சீட்டுதான் ஸ்டுடியோவின் சாவி. 1859-இல் தான் சம்பாதித்த பணத்தில் ஃபோந்தேன்ப்ளோ காட்டருகே ஒரு மாளிகையையே வாங்கி, பெரிய ஸ்டுடியோ கட்டி, சிங்கம் உட்பட மிருகங்களை வளர்த்தார். பிரான்ஸின் பேரரசி யூஜெனி அங்கேயே தேடி வந்து 1865-இல் விருது அணிவித்தார்.

பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வர்த்துக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள், அதற்கு முன்னால் ஒரு பிள்ளை. 1949-இல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் ஸ்டுடியோவும் தோட்டமும் சேர்ந்த ஓர் இடத்தை வாங்கினார். தோட்டம் என்பதுதான் விஷயம். கல் செதுக்கினால் பறக்கிற தூசி வெளியே போகும், சிற்பத்தை வெயிலிலும் மழையிலும் பார்க்கலாம். அது போதாமல் 1961-இல் எதிர்த் தெருவில் பழைய நடனக் கூடம் ஒன்றையும் வாங்கினார். ஐ.நா. தலைமையகத்தின் முன் 1964-இல் நிறுவிய, 6 மீட்டருக்கும் உயரமான 'ஒற்றை வடிவம்' அங்கேதான் உருவானது. நடனக் கூடம் கிடைக்காவிட்டால் அந்தச் சிற்பம் வேறு உயரத்தில் இருந்திருக்கும்.

1972-இல் லாஸ் ஏஞ்சலஸில் கலைஞர்களான ஜூடி சிகாகோவும் மிரியம் ஷாபிரோவும் மாணவிகளோடு இந்தக் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார்கள். இடிக்கப்போகிற, பதினேழு அறைகள் கொண்ட ஒரு பழைய வீட்டை எடுத்து, உடைந்த ஜன்னல்களை மாணவிகளே மாற்றி, சுவரைப் பூசி, மரவேலை கற்றுச் செய்து, ஒவ்வோர் அறையையும் கலைப்படைப்பாக மாற்றினார்கள். சாண்டி ஓர்கெல் செய்தது துணி அலமாரி. கதவைத் திறந்தால் மடித்து அடுக்கிய விரிப்புகள். அந்தத் தட்டுகளுக்கு நடுவே தட்டுகளே உடம்பை வெட்டிக்கொண்டு போவதுபோல் ஒரு பெண் உருவம், ஒரு கால் மட்டும் அலமாரியிலிருந்து வெளியே எடுத்துவைக்கிறது. ஒரு மாதம் மக்கள் வந்து பார்த்தார்கள். பிறகு வீடு இடிக்கப்பட்டது. மாணவிகள் சிலருக்குத் தச்சு வேலை பிடிக்கவில்லை, ஓவியம் படிக்க வந்தால் ஜன்னல் மாட்டச் சொல்கிறார்களே என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த முணுமுணுப்பும் நியாயமாகவே படுகிறது.

லூயிஸ் பூர்ஷுவா 1940-களில், மூன்று பிள்ளைகளோடு நியூயார்க்கில், தன் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஒல்லியாக, கம்பம்போல் நிற்கிற மரச் சிற்பங்கள் செய்தார். மாடிக்குத் தூக்கிப் போகக்கூடிய, ஒருவர் கட்டிப் பிடிக்கக்கூடிய அளவு. 1980-இல், எழுபதை நெருங்கும் வயதில், புரூக்ளினில் பழைய ஆடைத் தொழிற்சாலை ஒன்று ஸ்டுடியோவாகக் கிடைத்தது. பழைய கதவுகளையும் கூண்டுகளையும் வைத்து ஆள் உள்ளே நுழையக்கூடிய 'செல்கள்' அதற்குப் பிறகுதான் வந்தன. 1999-இல் 9 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிலந்திச் சிற்பம் வந்தபோது அவருக்கு எண்பத்தேழு வயது. ஆக்னஸ் மார்ட்டின் இன்னொரு திசை: பல பத்தாண்டுகள் ஆறடிச் சதுரக் கேன்வாஸ்களிலேயே வரைந்தவர், 1990-களில் தூக்க முடியாத வயது வந்ததும் ஐந்தடிக்கு இறங்கினார். ஓவியத்தின் அளவை இடமும் உடம்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உங்கள் மனைவிக்கு இன்று தூக்குகிற தெம்பு இருக்கிறது என்றால், அதை விருந்தாளிகள் வந்துபோகும் வரை பத்திரப்படுத்தி வைக்க முடியாது.

அதனால் என் பதில்: அறையைக் கொடுங்கள். "கொடுப்பது" என்கிற சொல்லே இங்கே கொஞ்சம் இடிக்கிறது, வீடு இருவருடையது, ஆனாலும் நீங்கள் கேட்ட மொழியிலேயே சொல்கிறேன். சில நடைமுறை விஷயங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது, நாள் முழுக்க வெளிச்சம் அவ்வளவாக மாறாது. இல்லையென்றால் பகல் ஒளிக்குப் பக்கத்தில் வருகிற, நிறத்தைச் சரியாகக் காட்டுகிற விளக்கு போடுங்கள். லீ கிராஸ்னரின் பழுப்பு நினைவிருக்கிறது அல்லவா. ஒரு சுவரையாவது முழுசாகக் காலியாக விடுங்கள், அதற்கு எதிரே ஏழெட்டு அடி பின்வாங்கி நிற்க வழி வேண்டும். காற்று குறுக்கே போக வேண்டும். கதவை மட்டும் அளந்தால் போதாது. கேன்வாஸைச் செங்குத்தாகத் திருப்பினால் கதவுக்குள் நுழைந்துவிடும், மாட்டிக்கொள்வது நடையின் திருப்பத்திலும் படிக்கட்டிலும்தான். பெரிய கேன்வாஸ் சட்டம் வாங்கும் முன் ஓர் அட்டையை அந்த அளவுக்கு வெட்டி, வாசலிலிருந்து அறை வரை இருவருமாகத் தூக்கிப் பாருங்கள்.

முதல் சில வாரம் அறையில் ஒன்றுமே நடக்காததுபோல் தெரியலாம். கதவு மூடியிருக்கும், வெளியே வந்தால் கையில் படம் இருக்காது. "இன்று என்ன வரைந்தாய்" என்று கேட்காதீர்கள். விருந்தாளிகளின் கட்டிலையும் மெத்தையையும் எங்கே கொண்டு வைப்பது என்றும் அவரைக் கேட்காதீர்கள். அதை மட்டும் நீங்களே யோசித்துவிடுங்கள்.